முப்பது வீட்டுச் சுளகு

ரமணிக்குக் கோபம் வந்தால் பஸ் ஹார்னுக்குத் தெரியும். தீவுக்குப் போகிற இரண்டாவது பாலத்தில் குறுக்கே வருகிற காருக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கும்பலாகத் திரும்புகிற மோட்டார் சைக்கிளுக்கும் அவள் அடிக்கிற ஹார்ன், தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிற பிள்ளைகளை எழுப்பிவிடும். ஆனால் அந்த ஆடி மாதத்து வியாழக்கிழமை, ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு வந்த கோபத்துக்கு ஹார்ன் அடிக்கவே இல்லை. அதுதான் பெரிய கோபம்.

அதைச் சொல்லவேண்டுமென்றால் முப்பது வீட்டைச் சொல்லவேண்டும். நிபோங் திபாலைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களின் முடிவில், ஆற்றோரச் சதுப்பில் இருக்கிறது அந்த இடம். அரசாங்கப் பலகையில் வேறு பெயர். இப்போது அறுபது வீட்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் யாரைக் கேட்டாலும் முப்பது வீடு என்றுதான் சொல்வார்கள், முதலில் வந்து காடு வெட்டிய குடும்பங்கள் முப்பது என்பதால்.

அவர்கள் அதற்குமுன் இருந்தது ரப்பர்த் தோட்டத்தில். துரை தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபிறகு ஒரு காண்ட்ராக்டர் வந்தான். தமிழன்தான். நெற்றியில் திருநீறு, வாயில் "நம்ம ஜனம், நம்ம ஜனம்." வந்த முதல் வாரமே எல்லாருடைய அடையாள அட்டையையும் வாங்கித் தகரப்பெட்டியில் பூட்டினான். பத்திரமாக இருக்கட்டும் என்றான். பாதிப் பேரிடம் இருந்தது சிவப்பு அட்டை, பிரஜை இல்லை என்கிற அட்டை. அதுவும் கையில் இல்லாமல் ரோட்டில் இறங்கினால் போலீஸ் பிடிக்கும். இறங்கவில்லை. மூன்று வருஷம் அந்தப் பெட்டிதான் வேலி.

ரமணியின் தாய் ருக்குமணிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பழனியப்பன், நடுவன் குகன், கைக்குழந்தை ரமணி. குகனுக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்து கண் செருகியது. சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அட்டையைக் கொடுங்கள் என்று அவர்களுடைய அப்பா போய் நின்றார். அன்று வெள்ளிக்கிழமை. "பெட்டிச் சாவி டவுன்ல இருக்கு, திங்கட்கிழமை வா" என்றான் காண்ட்ராக்டர். குகன் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

அவனைப் புதைத்த கையோடு, அப்பாவின் அண்ணன் அய்யாக்கண்ணு பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் வீட்டுக்கு நடந்தார். ஆளை ஒன்றும் செய்யவில்லை. பெட்டியின் பூட்டை ஒரே வெட்டு. அட்டைகளை ருக்குமணி நீட்டிய சுளகில் கொட்டினார். அரிசி புடைக்கிற சுளகு. "நான் யாருக்கும் எடுத்துக் குடுக்கமாட்டேன். குடுக்கறவன் இருந்தா வாங்கி வைக்கறவனும் இருப்பான். அவனவன் உடைமைய அவனவன் கையால எடுங்க" என்றார். எடுத்தார்கள். மறுநாள் சட்டிபானையோடு சதுப்புக்குப் போனார்கள். நீப்பாப் பனை மட்டையைக் கழித்து, இடுப்பளவு சேற்றில் நின்று மண் கொட்டி, அட்டைப்பூச்சி கடித்த காலோடு வீடு கட்டினார்கள். முதலில் வைத்த கல் முனீஸ்வரருக்கு. அந்தக் கல்லின் முன்னால் சொன்ன வாக்கு ஒன்றுதான்: இந்த மண்ணில் ஒருத்தனை ஒருத்தன் பூட்டிவைக்கக்கூடாது.

அதனால்தான் வருஷாவருஷம் ஆடி மூன்றாம் ஞாயிறு பூசையில் முப்பது வீட்டார் எல்லாரும் ஐசி என்கிற அடையாள அட்டையைச் சுளகில் போடுவார்கள். கற்பூரம் காட்டியதும் அவரவர் கையால் எடுத்துக்கொள்வார்கள். கணவன் மனைவிக்கு எடுத்துக் கொடுக்கக்கூடாது. பக்கவாதம் வந்த மனுஷனையும் நாற்காலியில் தூக்கி வந்து, அவருடைய கையைச் சுளகின்மேல் வைப்பார்கள். பன்னிரண்டு வயதில் புது ஐசி எடுத்த பிள்ளைக்கு அன்றைக்கு மாலை போடுவார்கள்.

ரமணியும் மாலை போட்டுக்கொண்டவள்தான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷம் நீலச்சட்டை போட்டாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது, "இனி எவன் பஸ்ஸுக்கும் காத்து நிக்கமாட்டேன்" என்று சொல்லி, நாற்பத்தொரு வயதில் பஸ் லைசென்ஸ் எடுத்தாள். புருஷன் நெஞ்சுவலியில் போனபின், மகள் பிரமிளா ஜோகூரில் குடித்தனம் போனபின், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகிற அந்த நாற்பத்துநாலு சீட் பஸ்தான் அவளுக்கு வீடு மாதிரி.

போன தை மாதம் கார்த்திகேசு வந்தான். யார் இந்தக் கார்த்திகேசு? பூட்டை வெட்டிய அதே அய்யாக்கண்ணுவின் மகன் வயிற்றுப் பேரன். ரமணிக்கு மருமகன் முறை. பன்னிரண்டு வயதில் மாலை போட்டுக்கொண்டு, அதே சுளகிலிருந்து தன் ஐசியை எடுத்தவன். இப்போது தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு ஆள் சப்ளை. நேப்பாளத்துப் பையன்கள் இருபத்திரண்டு பேரைக் கொண்டுவந்து, சும்மா கிடந்த பாலர் பள்ளிக் கட்டடத்தில் தங்கவைக்க இடம் கேட்டான். கோயில் கமிட்டிக்குச் சந்தோஷம். ஊர்ப்பிள்ளை, கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறான், கோயிலுக்குக் கூரை போடுகிறான். அத்தோடு ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கமிட்டித் தலைவர் பழனியப்பன் மடியில் வைத்தான்.

"சித்தப்பா, பசங்களோட பாஸ்போர்ட். ஹாஸ்டல்ல திருட்டுப் போயிடும். நம்ம கோயில் இரும்பு அலமாரியில சாமி காலடியில இருந்தா நிம்மதி."

சாமி காலடி என்றதும் பழனியப்பன் உருகிவிட்டார். நம் ஐசியை வைக்கிற மாதிரிதானே என்று நினைத்தார். வைப்பது மட்டும்தானா வழக்கம்? எடுப்பதுதானே வழக்கம்! அதை அந்த மனுஷன் நினைக்கவில்லை. கமிட்டியில் ஒருத்தரும் நினைக்கவில்லை. ஏன், ரமணியே அன்று அங்கே வடை தின்றுகொண்டு நின்றாள். "நல்ல காரியம்டா கார்த்தி" என்றும் சொன்னாள். அந்தச் சொல்லுக்காக அவள் பிற்பாடு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அந்த இருபத்திரண்டு பேரும் அவளுடைய பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். வியாழக்கிழமை மாலை வேலை விட்டு எல்லாரும் இறங்கியபிறகு தில்பகதூர் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது.

"என்னடா தம்பி? சாக்கிட்டா?" என்றாள், உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்து.

"பாப்பா மத்தி, அக்கா." அப்பா செத்துப்போனார் என்று அவனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னான். மூத்த மகன். கொள்ளிக்குப் போகமுடியாது, பதிமூன்றாம் நாளுக்காவது போகவேண்டும். அவனுடைய நாட்டுக்காரர்கள் விமான டிக்கெட்டுக்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

"அப்ப பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்பவேண்டியதுதானே?"

தில்பகதூர் முடியாது என்று தலையை ஆட்டினான். "பாஸ்போர்ட் டாலாம் கோயில். சாமி பெகாங்."

பாஸ்போர்ட் கோயிலுக்குள் இருக்கிறது, உங்கள் சாமி பிடித்து வைத்திருக்கிறது என்கிறான். அவன் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நாட்டுச் சாமி அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துச் சொன்னான். ரமணிக்கு உச்சந்தலையில் கொதிக்கிற எண்ணெயை விட்ட மாதிரி இருந்தது.

அங்கேயே கார்த்திகேசுவுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, அவன் போனா திரும்ப வரமாட்டான். ஏற்கெனவே சுமன்னு ஒருத்தன் ஓடிட்டான்" என்றான்.

"செத்தது அவன் அப்பாடா."

"எல்லாவனுக்கும் வருஷத்துக்கு ரெண்டு அப்பா சாவான் அத்தை. சரி, நீங்க கேக்கறீங்க. திங்கட்கிழமை பாக்கலாம்."

திங்கட்கிழமை! ரமணி போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹார்னில் கை வைக்கவில்லை.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். பழனியப்பன் திருவிழா நோட்டீஸை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணி மோகனா பக்கத்தில் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அலமாரிச் சாவி குடுங்க."

"எதுக்கு?"

சொன்னாள். பழனியப்பன் நோட்டீஸை மடித்துக்கொண்டே இருந்தார்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் ரமணி. கார்த்தி வந்து சொல்லாம தரமுடியாது. நம்பி வச்சிருக்கான்."

"யாரு பொருள யாரு நம்பி வச்சது? அந்தப் பையன் உங்ககிட்ட வந்து, ஐயா இத வச்சிருங்கன்னு சொன்னானா?"

"சாமிகிட்டத்தானே இருக்கு. நானா வச்சிருக்கேன்?"

"சாவி யாரு இடுப்புல தொங்குது? முனீஸ்வரர் இடுப்புலயா?"

மோகனா அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழனியப்பன் முறைத்தார். "பொம்பளைங்க கமிட்டி விஷயத்துல—"

"அண்ணே." ரமணியின் குரல் இறங்கிவிட்டது. "குகன எனக்குத் தெரியாது. நான் கைக்குழந்தை. உங்களுக்குத் தெரியும். ஒரே பாயில படுத்தவரு. அப்பாகிட்ட திங்கட்கிழமை வான்னு சொன்னானே, அவன் நெத்தியிலயும் திருநீறு இருந்துச்சுன்னு அம்மா சொல்லும். இன்னிக்கு கார்த்தி என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? திங்கட்கிழமை பாக்கலாம்னு சொன்னான்."

பழனியப்பன் சாவியை எடுக்கவில்லை. ரமணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை நான் ஐசிய சுளகுல போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

முப்பது வீட்டில் அப்படி ஒரு பேச்சை அதுவரை யாரும் பேசியதில்லை. சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "பஸ் ஓட்டி ஓட்டித் திமிரு" என்றார்கள் சிலர். "கூரை யாரு போட்டா? கார்த்தி. இந்தம்மாவா போட்டுச்சு?" என்றார்கள் சிலர். கூரைக்காக மனுஷனை மறக்கிற ஜனத்தை என்ன சொல்வது! இவர்களுடைய தாத்தன் பாட்டிமார் கூரையே இல்லாமல் மழையில் நின்றவர்கள். பெட்டிக்குள் இருந்த அட்டையை வெளியில் எடுத்ததற்காக நின்றவர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேளம் கொட்டியது. புதுக் கூரையின் கீழ் வெள்ளைத் துணி விரித்துச் சுளகை வைத்தார்கள். அது அதே பழைய சுளகுதான், விளிம்புக்கு மட்டும் மூன்று தடவை புதுப் பிரம்பு சுற்றியது. வரிசையாக ஐசிகள் விழுந்தன. கார்த்திகேசு பட்டு வேட்டியில் முன்னால் நின்று தன்னுடையதையும் போட்டான்.

அப்போது ரமணியின் பஸ் கோயில் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. இருபத்தோரு பேர் குளித்துத் தலைவாரி, சுத்தமான சட்டையோடு இறங்கினார்கள். பின்னால் ரமணி. கையில் தன்னுடைய ஐசி.

"பூசாரி ஐயா, கற்பூரத்தக் கொஞ்சம் நிறுத்துங்க. இன்னும் போடாதவங்க இருக்காங்க."

"யாரு?" என்றார் பூசாரி.

"இவங்க. ஏழு மாசமா இங்க குடியிருக்கவங்க. இவங்க தண்ணி குடிக்கறது நம்ம குழாய்ல. இவங்க அட்டை மட்டும் ஏன் சுளகுல இல்ல?"

கார்த்திகேசு சிரித்துக்கொண்டே வந்தான். "அத்தை, திருவிழாவுல கலாட்டா வேணாம். இவனுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருக்கானுங்க."

"உங்க தாத்தா பூட்ட வெட்டுனாரே, அந்தக் காண்ட்ராக்டரும் கைநாட்டு வாங்கித்தான் வச்சிருந்தான்."

"அது வேற காலம்."

"பூட்டு அதே பூட்டுதான்டா."

கூட்டத்தில் முணுமுணுப்பு. மோகனா அண்ணி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். "அடுத்தவங்க பாஸ்போர்ட்ட பிடிச்சு வைக்கிறது சட்டப்படி குத்தம். இந்தா, இதுலயே போட்டிருக்கு. வேணுமுன்னா ஸ்டேஷனுக்கும் போலாம்."

அப்போதுதான் கார்த்திகேசு அந்தத் தப்பைச் செய்தான். கோபத்தில் வாய் தவறியது. மனசில் இருந்ததுதானே வாயில் வரும்.

"போங்க! தாராளமா போங்க! என்கிட்ட ஒரு பாஸ்போர்ட் இருக்கான்னு தேடட்டும். இருக்கறது கோயில் அலமாரியில. சாவி தலைவர்கிட்ட. போலீஸ் வந்தா யார் கையில விலங்கு போடுவான்? என் கையிலயா?"

மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். பழனியப்பன் கார்த்திகேசுவை நிமிர்ந்து பார்த்தார். பெற்ற பிள்ளை மாதிரி தோளில் தூக்கித் திரிந்தவர் அவர்; அந்தப் பயலுக்கு முதல் மாலை போட்டதும் அவர்தான்.

"அதுக்குத்தான் என் மடியில கொண்டாந்து வச்சியா?" என்றார்.

"சித்தப்பா, நான் அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிடா சொன்ன?"

பழனியப்பன் இடுப்பிலிருந்து சாவியை உருவினார். அலமாரியைத் திறந்து துணிப்பையை எடுத்துவந்தார். இருபத்திரண்டு பாஸ்போர்ட். முதலாவதைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக் கூப்பிட்டார். கூப்பிட்ட பையன் சட்டென்று விறைப்பாக நின்று கையைத் தூக்கினான். ஹாஸ்டலில் தினமும் கார்த்திகேசுவின் ஆள் அப்படித்தான் எண்ணிப் பார்ப்பான்போல.

"நிறுத்துங்கண்ணே!" ரமணி போட்ட சத்தத்தில் சுளகைச் சுற்றி நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். "பேர் கூப்பிட்டுக் குடுக்கறதுக்கு இது பெரட்டுக்களமா? தோட்டத்துல கிராணி விடிகாலையில பேர் படிச்சானே, அது போதாதா நம்ம வம்சத்துக்கு? நீங்க குடுக்கக்கூடாது. கொட்டுங்க."

பழனியப்பனுக்கு உறைத்தது. பையைத் தலைகீழாகப் பிடித்துச் சுளகில் கொட்டினார். ஐசிகளின் மேல் பாஸ்போர்ட்டுகள் சரிந்தன. ரமணி தன்னுடைய ஐசியைக் கடைசியாகப் போட்டாள். கற்பூரம் ஏற்றினார்கள்.

அந்தப் பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று. யாரும் கொடுக்கவில்லை. "அம்பில் செண்டிரி, தம்பி. உன் கையால எடு" என்றாள் ரமணி. தில்பகதூர்தான் முதலில் குனிந்தான். தேடினான், பிரித்தான், தன் படத்தைப் பார்த்தான். ஏழு மாசத்துக்கு முந்தைய முகம். அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஒதுங்கி நின்று அழுதான். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஊர்க்காரர்களும் கலந்தார்கள். கார்த்திகேசு எப்போது வந்து தன் ஐசியை எடுத்துக்கொண்டு போனான் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த மட்டில் அவனும் தன் கையால்தான் எடுத்துக்கொண்டான்!

அன்று மத்தியானமே ரமணி தில்பகதூரைப் பாலம் கடத்தி விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை கார்த்திகேசு லாரி கொண்டுவந்து மற்றவர்களை வேறு இடத்துக்குக் கூப்பிட்டான். பதினோரு பேர் போனார்கள், பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பித்தானும் போட்டுக்கொண்டு. ஒன்பது பேர் போகமாட்டோம் என்று மோகனா அண்ணியோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. கார்த்திகேசு இன்னும் ஆள் சப்ளை செய்துகொண்டுதான் இருக்கிறான், வேறு ஊரில், வேறு சாமியின் காலடியில். அதற்கு என்ன சொல்ல!

ஆனால் பூசை முடிந்து எல்லாரும் எடுத்தபிறகும் சுளகில் ஒன்று மிச்சம் கிடந்தது. ஓடிப்போனான் என்றார்களே, அந்தச் சுமனுடையது. இருபத்துமூன்று வயது. படத்தில் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு விறைப்பாகப் பார்க்கிறான். இது இல்லாமல் எந்தக் காட்டில், எந்தக் கடையின் பின்கட்டில் ஒளிந்திருக்கிறானோ. ரமணி பஸ் ஓட்டுகிற வழி நெடுகக் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

"சாமிகிட்டயே இருக்கட்டும், வரும்போது எடுத்துக்கட்டும்" என்றார் பழனியப்பன்.

"மறுபடியுமா?" என்றாள் ரமணி.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் கோலாலம்பூருக்குக் கிளம்பினாள், சுமனின் பாஸ்போர்ட்டை நேப்பாளத் தூதரகத்தில் சேர்த்துவிட்டு, தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வர. எல்லாரையும் ஏற்றிப் போகிறவள் அன்று ஓரச் சீட்டுப் பயணி. பஸ் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது பின்னால் யாரோ இருமினார்கள். பழனியப்பன். சலவைச் சட்டை, கையில் ஒரு சின்னப் பை.

"நானும் வரேன்" என்றார்.

ரமணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கோபம் இன்னும் பாதிகூட ஆறவில்லை.

"ஐசி இருக்கா?"

"சட்டைப்பையில."

"அண்ணி எடுத்துக் குடுத்துச்சா?"

"நானேதான் எடுத்தேன்" என்றார் பழனியப்பன்.

"அப்ப வந்து நில்லுங்க" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.